செருப்பை உள்ளே கொண்டு வாருங்கள்!

என் வைத்தியசாலை வாசலில் ஒரு சின்னப் பலகை தொங்குகிறது. எல்லா இடத்திலும் ‘செருப்பை வெளியே விடவும்’ என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். என் பலகையில், ‘கால் வலிக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வரவும்’ என்று இருக்கும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். “என்ன டாக்டர், செருப்புக்கும் நாடி பார்ப்பீங்களா?” என்று கேட்டவர்களும் உண்டு.

ஆமாம், பார்க்கிறேன். ஏன் பார்க்க ஆரம்பித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் தவறும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் குதிகால் வலி என்று வந்தார். வயது 67. சர்க்கரை வந்து பதினெட்டு வருடம். என்னை ‘டாக்டர்’ என்று கூப்பிட மாட்டார், ‘தம்பி’ என்பார். வெளிநாட்டில் இருக்கும் மகன், அப்பா தினமும் ‘வாக்கிங்’ போகிறாரே என்று ஆசையாக ஒரு ஜோடி பழுப்பு நிற ‘லோஃபர்’ ஷூ வாங்கி அனுப்பியிருந்தான். அப்பாவுக்கு வழக்கமாக எட்டாம் நம்பர். அதே எட்டாம் நம்பர்.

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். சாக்ஸைப் பாதிவரை இறக்கிவிட்டுக் குதிகாலை அழுத்திப் பார்த்தேன். உள்ளுக்கு மருந்தும், மேலுக்குத் தடவ எண்ணெயும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு முறை வந்து போனார். அந்த ஷூ இரண்டு முறையும் வாசலிலேயே கிடந்தது. விரல்களை நான் பார்க்கவே இல்லை.

மூன்றாம் முறை வந்தபோது சாக்ஸின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. கழற்றினால், சுண்டுவிரலின் வெளிப்பக்கம் புண்ணாகி உள்ளே ஆழமாகப் போயிருந்தது. ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பக்கவாட்டுத் தையலில் ஒரு முடிச்சு, அரிசி மணி அளவுக்குத் துருத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

“ஏன் சார் முன்னாடியே சொல்லலை?” என்று கேட்டேன். “வலிச்சிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி” என்றார்.

நீரிழிவால் நரம்புகள் மரத்துப்போன காலில் வலி தெரியாது. அவருக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நான் பார்க்கவில்லை. பாளையங்கோட்டை கல்லூரியில் எண்வகைத் தேர்வு என்று நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் படித்துவிட்டு வந்தவன் நான். அன்றிலிருந்து கால் வலிக்காரர்களுக்கு ஒன்பதாவதாகச் செருப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

இந்தப் பாடத்தை இன்று உங்களுக்கும் சொல்லித் தருகிறேன். தினமும் நடப்பதற்குச் சரியான ஷூவை, குறிப்பாக லேஸ் இல்லாமல் சட்டென்று மாட்டிக்கொள்ளும் வகையை, எப்படிப் பார்த்து வாங்குவது?

பாதம் சுமக்கும் பாரம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52 எலும்புகள். உடம்பில் உள்ள 206 எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு காலடியிலேயே இருக்கிறது!

அரை மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 3,000 அடி வைக்கிறோம். உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கு 60 கிலோ என்றாலும், 3,000 அடிக்கு 1,80,000 கிலோ. அதாவது 180 டன்! நடக்கும்போது தரையில் விழும் விசை, எடையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். இவ்வளவையும் இரண்டு பாதங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடுவில் இருப்பது உங்கள் செருப்பின் அடிப்பாகம்தான்.

குதிகாலிலிருந்து விரல்கள் வரை, வில்லில் கட்டிய நாண்போல ஒரு கெட்டியான பட்டை உள்ளங்காலில் ஓடுகிறது. தேய்ந்த செருப்பு, அட்டைபோலத் தட்டையான செருப்பு, சிமென்ட் தரை, கூடிய எடை எல்லாம் சேர்ந்து இந்தப் பட்டையைத் தினமும் இழுத்தால், அது குதிகாலில் ஒட்டும் இடத்தில் நைந்துபோகும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது ‘சுரீர்’ என்று குத்துமே, அது இதனால்தான். சித்த மருத்துவத்தில் யூகி வைத்திய சிந்தாமணி வாத நோய்களை 80 என்று பிரிக்கிறது. குதிகால் வலியையும் நாங்கள் வாதத்தின் கணக்கில்தான் வைத்துப் பார்க்கிறோம். மருந்து வாதத்தைத் தணிக்கும். ஆனால், காலையும் மாலையும் அதே தேய்ந்த செருப்பில் நடந்துகொண்டிருந்தால் மருந்து எத்தனை நாளைக்குத் தாங்கும்?

எக்ஸ்ரேயில் ‘எலும்பு வளர்ந்திருக்கிறது’ என்று சொன்னதும் பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படி எலும்பு துருத்திக்கொண்டும் வலியே இல்லாமல் நடமாடுகிறவர்கள் ஏராளம். எலும்பைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் செருப்பைத் திருப்பிப் பாருங்கள்.

‘லோஃபர்’ என்றால் திட்டு அல்ல!

நம் ஊரில் ‘லோஃபர்’ என்றால் வேலைவெட்டி இல்லாமல் சுற்றுகிறவனைத் திட்டும் வார்த்தை. கடையில் கேட்கக்கூட சிலர் கூச்சப்படுகிறார்கள். லேஸ் கட்டாமல், பக்கிள் போடாமல், காலை நுழைத்ததும் கிளம்பிவிடக்கூடிய ஷூவுக்குத்தான் இந்தப் பெயர்.

இதன் முன்னோடி ‘மொக்காசின்’. வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மென்மையான தோலால் செய்து அணிந்தது. பெயரும் அவர்களுடைய அல்கோன்குவியன் மொழிக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். இதில் தோல் பாதத்தின் அடியிலிருந்தே எழுந்து பக்கவாட்டில் ஏறி, மேலே ஒரு துண்டோடு சுருக்கம் சுருக்கமாகத் தைக்கப்படும். நார்வே நாட்டில் ஆர்லாண்ட் என்ற ஊரில் செய்யப்பட்ட ஒரு வகை ஷூ 1930-களில் அமெரிக்காவில் பரவியது. 1936-ல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதை ‘வீஜன்ஸ்’ என்ற பெயரில் விற்றது. ‘நார்வீஜியன்’ என்ற சொல்லின் வால்தான் அந்தப் பெயர்!

இதற்கும் நம் ஊருக்கும் சம்பந்தம் உண்டு. ஆம்பூர் என்றால் பிரியாணி நினைவுக்கு வரும். ஆனால், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரமே தோல் தொழிலில் வாழ்கிறது. ஷூவின் மேல்பகுதியை ஊசியும் நூலுமாகக் கையால் தைக்கும் வேலையை ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்தே செய்கிறார்கள். அவர்கள் தைத்தது கடல் தாண்டிப் போகிறது.

நம் வீட்டுப் பழக்கத்துக்கு இந்த வகை ஷூ பொருந்தி வரும். வீட்டுக்குள், கோயிலில், சில கடைகளில்கூட நாம் செருப்பைக் கழற்றுகிறோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை லேஸ் அவிழ்த்துக் கட்ட யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதுகு வலி, முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் குனிய முடியாது. அவர்களுக்கும் இது சௌகரியம்.

ஆனால், ஒரு சிக்கல். லேஸ் இருந்தால் இறுக்கவோ தளர்த்தவோ முடியும். லோஃபரில் முடியாது. அளவு சரியாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தளர்வாக இருந்தால் கழன்றுவிடாமலிருக்க விரல்கள் நமக்குத் தெரியாமலே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் அப்படி நடந்தால் விரலும் கெண்டைக்காலும் வலிக்கும். இறுக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தலைமையாசிரியர் கதையில் பார்த்துவிட்டீர்கள்.

நம்பரை நம்பாதீர்கள்

“எனக்கு எட்டாம் நம்பர்” என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வயது ஏற ஏறப் பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து பாதம் அகலமாகிறது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குப் பாதம் சற்று நீண்டும் அகன்றும் விடுவதுண்டு. நம்பர் மட்டும் அப்படியே இருக்குமா?

தவிர, அந்த நம்பரே இரவல். இங்கிலாந்து அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் அது சுமார் ஆறரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டுமே நீளத்தைத்தான் சொல்கின்றன. அகலத்தைச் சொல்வதில்லை.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலமானது என்று அதில் தெரியவந்தது. நமக்கென்று தனி அளவுமுறை ஒன்றும் ‘பா’ என்ற பெயரில் முன்மொழியப்பட்டது. ஆகவே, வெளிநாட்டு ஷூ உங்கள் சுண்டுவிரலை நெரித்தால் உங்கள் காலைக் குறை சொல்லாதீர்கள். அந்த அச்சு நம் காலைப் பார்த்துச் செய்ததல்ல.

வீட்டிலேயே ஒரு சோதனை

கடைக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு வெள்ளைத் தாள்தான்.

தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையும் விழும்படி நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு செய்யக்கூடாது. நிற்கும்போதுதான் பாதம் முழுசாக விரியும். வேறு ஒருவரைப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு காலுக்கும் வரைய வேண்டும். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

இப்போது நீங்கள் தினமும் போடும் ஷூவை அந்தப் படத்தின்மேல் வையுங்கள். பென்சில் கோடு ஷூவுக்கு வெளியே தெரிகிறதா? அப்படியானால் தினமும் அந்த அளவுக்கு உங்கள் காலைப் பிதுக்கி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, பழைய ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் கொஞ்சம் தேய்ந்திருப்பது இயல்பு. உள்பக்கம் அதிகமாகத் தேய்ந்து, ஷூ உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் உங்கள் பாதம் உள்பக்கமாகச் சரிகிறது. உள்ளங்கால் வளைவு குறைந்த தட்டைப் பாதக்காரர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். ஈரக்காலைச் சிமென்ட் தரையில் பதித்துப் பாருங்கள். நடுவில் இடைவெளியே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் நீங்களும் அந்த ரகம். தளதளவென்று இருக்கும் மொக்காசின் உங்களுக்கு வேண்டாம். வளைவுக்குத் தாங்கல் உள்ள ஷூவாகப் பாருங்கள்.

கடையில் ஏழு விஷயங்கள்

1. மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்து, பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலையில் கடிக்கும்.

2. எந்த சாக்ஸோடு போடப் போகிறீர்களோ, அதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

3. இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். அதைக் கவனியுங்கள்.

4. விரல்களை மேலே தூக்கி அசையுங்கள். மொக்காசின் வகையில் மேலே சுருக்கத் தையல் இருக்கும். அது விரல்மேல் அழுத்தக் கூடாது. ஷூவுக்குள் கையை விட்டு எல்லாத் தையலையும் தடவிப் பாருங்கள். என் தலைமையாசிரியரின் சுண்டுவிரல் அந்த அரை நிமிடத்தில்தான் இருந்தது.

5. ஷூவை முன்பகுதியில் வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தாலோ, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்க வந்தாலோ அது நடைக்கு ஆகாது. பின்பக்கக் குதிகால் சுவரை விரலால் அழுத்துங்கள். சட்டென்று அமுங்கக் கூடாது.

6. அடிப்பாகத்தைப் பாருங்கள். தோல் அடிப்பாகம் ஈர மொசைக்கில் வழுக்கும். ரப்பர் நல்லது. குதிகால் ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் குதிகால் வலிக்காரர்களுக்கு இதமாக இருக்கும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் வைத்த மெல்லிய மொக்காசின் ஒன்று உண்டு. அது கார் ஓட்டுகிறவர்களுக்காக வந்தது. தார் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்க அல்ல.

7. கார்ப்பெட்டில் நடந்து பார்க்காதீர்கள். வெறும் தரையில், கடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நாலைந்து முறை நடங்கள். குதிகால் கழன்று கழன்று விழுந்தால் வேண்டாம்.

“போகப் போக இளகிடும் சார்” என்று கடைக்காரர் சொல்வார். தோல் அகலவாக்கில் கொஞ்சம் இளகும், உண்மைதான். நீளவாக்கில் இளகாது. ரெக்ஸின் போன்றவை இரண்டு பக்கமும் அதிகம் இளகுவதில்லை. போட்டவுடனே சௌகரியமாக இல்லாத ஷூவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் மறுநாளே நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டாம். முதல் சில நாட்கள் வீட்டுக்குள் அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். பிறகு காலைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் ஷூ உங்களிடம் ஏதோ சொல்கிறது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

“புடவைக்கு ஷூவா? தெருவில சிரிப்பாங்க டாக்டர்” என்று சொல்லும் சகோதரிகள் நிறைய. அவர்கள் பாத்ரூமுக்குப் போடும் ரப்பர் செருப்பிலேயே காலை நடைக்கும் போகிறார்கள். அல்லது முனை குறுகிய செருப்பைப் போட்டு, கட்டைவிரல் பக்கவாட்டில் எலும்பு துருத்திக்கொண்டு வருகிறார்கள். முனை அகன்ற, தட்டையில்லாத ஒரு லோஃபர் புடவைக்கும் பொருந்தும், சுடிதாருக்கும் பொருந்தும். சிரிப்பவர்கள் உங்கள் குதிகால் வலியை வாங்கிக்கொள்ளப் போவதில்லை!

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனிப் பாடம்

வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய கைகால்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்று கண்டு சொன்னார். வலி ஒரு காவல்காரன். காவல்காரன் தூங்கினால் செருப்புதான் காவல். அந்த நோயாளிகளுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர் செருப்பைத்தான் இன்று நீரிழிவுக்காரர்களுக்கும் சிபாரிசு செய்கிறோம்.

பாதத்தில் மரத்த உணர்வு, எரிச்சல், பஞ்சின்மேல் நடப்பதுபோன்ற உணர்வு இருந்தால் லேஸ் இல்லாத லோஃபரை விட்டுவிடுங்கள். லேஸ் அல்லது ஒட்டும் பட்டை வைத்த, முன்பக்கம் அகன்ற, ஆழமான ஷூவாக வாங்குங்கள். உள்நீளம் பாதத்தைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் அதிகம் இருக்கட்டும். ஒவ்வொரு முறை போடுமுன்னும் ஷூவைத் தட்டி, கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். இரவில் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது டாக்டரிடம் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

புண், கருத்த விரல், ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாக வீங்குதல் இவற்றில் எது வந்தாலும் எண்ணெய், பச்சிலை, கை வைத்தியம் எதுவும் வேண்டாம். என்னிடம்கூட வர வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு சித்த வைத்தியனாகவே இதைச் சொல்கிறேன்.

குதிகால் வலிக்கு இதமான வழி

பாதத்தில் உணர்ச்சி நன்றாக உள்ளவர்கள், செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, பொறுக்கும் சூட்டில் குதிகாலால் அழுத்தி அழுத்தி எடுக்கலாம். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடமும் கொடுக்கலாம். நீரிழிவுக்காரர்களுக்கு இந்த ஒத்தடம், வெந்நீரில் கால் வைப்பது இரண்டுமே கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும்.

காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன், கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாகப் பத்து எண்ணும்வரை மெல்ல இழுங்கள். பத்து முறை செய்யுங்கள். பிறகு எழுந்து, சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். இதில் குணமாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். பொறுமை வேண்டும்.

ஷூவையும் கவனியுங்கள். நம் வெயிலில் சாக்ஸ் இல்லாமல் லோஃபர் போட்டால் வியர்த்து விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். பருத்தி சாக்ஸ் போட்டு, தினமும் மாற்றுங்கள். முடிந்தால் இரண்டு ஜோடி ஷூ வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். ஈரமான ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

இன்று இரவு ஒரு வேலை செய்வீர்களா? வீட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டுத் தாளில் கால் வரையுங்கள். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. பாட்டி, தாத்தாவின் காலை வரையும்போது அப்படியே பாதத்தையும் பார்த்துவிடுங்கள்.

என் தலைமையாசிரியர் இப்போதும் காலையில் நடக்கிறார். ஒட்டும் பட்டை வைத்த அகலமான ஷூ. போடுமுன் ஒவ்வொன்றையும் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் துழாவுவார். மைதானத்தில் யாராவது புது ஷூவோடு வந்தால் நிறுத்தி, “உள்ளே கையை விட்டுப் பார்த்தியா?” என்று கேட்கிறாராம். போன வாரம் என்னையும் கேட்டார். “இன்னும் இல்லை சார்” என்று சொல்லிவிட்டு, அங்கேயே கழற்றிப் பார்த்தேன்.